எத்தனை மணிக்கு இறந்தார்? ஒரு கொழும்பு வழக்கும் ஒரு தெர்மாமீட்டரும்

எம்.டி.க்கு தடயவியல் மருத்துவம் எடுத்திருக்கேன்னு வீட்டில் சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: "பொணம் அறுக்கிறதுக்கா இவ்வளவு படிச்சே?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "இதுல கிளினிக் போட முடியாதாடா?" என்று மட்டும் கேட்டார். முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊரில், ரயிலில், கல்யாண வீட்டில் என்ன டாக்டர் என்று கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். பிறகு ஆர்வம் தாங்காமல் மறுபடி நெருங்கி வந்து ஒன்றைக் கேட்பார்கள். பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பாடியைப் பார்த்தே எத்தனை மணிக்குச் செத்தாங்கன்னு சொல்லிடுவீங்களாமே?"

சினிமாவில் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் குனிந்து பார்த்து, "ராத்திரி பத்துக்கும் பத்தரைக்கும் நடுவுல" என்பார். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறுவார். இந்தப் பதிவு அந்த அரை மணி நேரத்தின் வரலாறு. அதைச் சொல்ல மருத்துவர்கள் எப்படி முயன்றார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள், ஒரு தமிழ் கிரிக்கெட் வீரரின் உயிர் அதில் எப்படிச் சிக்கியது என்பதெல்லாம் வருகிறது. அதற்கு முன்னால் நான் தடுக்கி விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மே மாதத்து மாலை

முதலாமாண்டு முதுநிலை மாணவனாக இருந்த சமயம். ஊர், கல்லூரி பெயரெல்லாம் வேண்டாம். மே மாதம். ஒரு லாட்ஜின் மேல் மாடி அறையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இறந்து கிடந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கதவை உடைத்திருக்கிறார்கள். ஆறு மணி சுமாருக்கு உடல் பிணவறைக்கு வந்தது. பிரேதப் பரிசோதனை மறுநாள் காலை என்று முடிவானது. கூட வந்த எஸ்.ஐ. என்னிடம், "சார், டைம் மட்டும் தோராயமா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

தாடையைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கையை மடக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. புத்தகத்தில் படித்த கணக்கு மனதில் ஓடியது. "காலையிலேயே முடிஞ்சிருக்கும் சார், ஒரு எட்டு, ஒன்பது மணி" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். யாரோ என் பேச்சைக் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் உடலைத் திறந்தால் இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. மாரடைப்பு. அதற்குள் செல்போன் விவரமும் வந்துவிட்டது. அந்த மனிதர் மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்குப் போன் பண்ணி மகளிடம் பேசியிருக்கிறார். நான் சொன்ன நேரத்துக்கு நாலு மணி நேரத்துக்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார்.

இதில் ஒரு மூன்றாவது ஆள் உண்டு. காலை எட்டரை மணிக்கு அந்த அறைக்குக் காபி கொண்டுபோன ரூம் பாய். "கடைசியா உள்ளே போனது நீதானே?" என்று அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். அடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் தலைமைப் பேராசிரியர் சத்தம் போடவில்லை. "விறைப்பைப் பார்த்தே சரி. அந்த ரூம்ல எவ்வளவு வெக்கைன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. மேலே தகரக் கூரை, ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது.

தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஏடிபி என்ற பொருள் வேண்டும். உயிர் போனதும் அது தீர்ந்துபோகிறது. தசை இருந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. அதுதான் மரண விறைப்பு. வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். குளிர்தேசத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிற விறைப்பு, மே மாதத் தகரக் கூரையின் கீழ் மூன்று நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம். நான் சொன்ன மணி வேறு ஏதோ ஒரு நாட்டின் மணி.

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வியின் வரலாற்றை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தெர்மாமீட்டரோடு ஒரு ராணுவ டாக்டர்

செத்த உடம்பு குளிரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு வேகத்தில் குளிர்கிறது என்று அளந்து பார்க்கத் தோன்றியவர்கள் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவர் ஜான் டேவி. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816லிருந்து 1820 வரை இலங்கையில் வேலை பார்த்து, 1821ல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியவர். பிறகு மால்டாவில் இருந்தார். அங்கேயும் பிரிட்டனிலும் இறந்த சிப்பாய்களின் உடல் வெப்பத்தைப் பாதரச வெப்பமானியால் அளந்து, 1839ல் வெளியிட்டார்.

1863ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் ஸ்வைன் டெய்லரும் சாமுவேல் வில்க்ஸும் இன்னும் நிறைய உடல்களை அளந்தார்கள். 1868ல் கிளாஸ்கோவில் ஹாரி ரெய்னி, நியூட்டனின் குளிர்தல் விதியை இதற்குப் பொருத்திப் பார்த்தார். சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகக் குளிரும் என்பதுதான் அந்த விதி. டம்ளர் டீ முதலில் வேகமாக ஆறி, பிறகு மெதுவாக ஆறுவது இதனால்தான்.

ஆனால் உடம்பு டம்ளர் டீ மாதிரி நடந்துகொள்வதில்லை. அது வேகவைத்த பெரிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி. அடுப்பிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரத்தில் தோல் கைக்குப் பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். நம்பிக் கடித்தால் நடுவில் நாக்கு வெந்துவிடும். உள்ளே இருக்கிற வெப்பம் வெளியே வந்து சேர நேரம் பிடிக்கிறது. அதனால் இறந்த பிறகு கொஞ்ச நேரம் உள் வெப்பம் அசையாமலே நிற்கும். பிறகு ஒரே சீராக இறங்கும். சுற்றுப்புற வெப்பத்தை நெருங்க நெருங்க இறக்கம் மந்தமாகும். வரைபடத்தில் போட்டால் நீட்டிய ஆங்கில 'எஸ்' எழுத்துப் போல இருக்கும்.

முதலில் வரும் அந்த அசையாத நேரம் எவ்வளவு? ஆளுக்கு ஆள் மாறும். ஒல்லியா குண்டா, துணி போட்டிருந்தாரா, தரையில் கிடந்தாரா, ஃபேன் ஓடியதா, சாகும்போது காய்ச்சல் இருந்ததா... எல்லாமே கணக்கை மாற்றும். சாகும்போது உடல் வெப்பம் சரியாக 37 டிகிரிதான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

இதெல்லாம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் மணிக்கு இத்தனை டிகிரி என்று ஒற்றை எண்ணை வைத்துப் பெருக்கி வகுக்கும் பழக்கம் போகவில்லை. ஒற்றை எண் வசதியானது. நீதிமன்றத்துக்கும் அதுதான் பிடிக்கும்.

1951 அக்டோபர் 9, பம்பலப்பிட்டி

மகாதேவ சதாசிவம் என்ற பெயர் பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். 1947ல் சென்னை சேப்பாக்கத்தில் இலங்கை அணிக்காக 215 ஓட்டம் அடித்த ஆட்டத்தைப் பற்றிப் பல வருஷம் பேசியிருக்கிறார்கள். 1948ல் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகிற வழியில் கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைவர் அவர்தான். அழகான ஆட்டக்காரர். ஆட்டத்துக்கு வெளியே கட்டுப்பாடில்லாத வாழ்க்கை. மனைவி விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார்.

1951 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை. கொழும்பு பம்பலப்பிட்டியில் அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் அந்த மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சதாசிவம் அன்று காலை பத்தரை மணி வாக்கில் டாக்ஸியில் ஏறி வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தார். வீட்டில் வேலை செய்த வில்லியம் என்ற இளைஞரைக் காணவில்லை. இறந்தவர் கழுத்தில் இருந்த தாலிக்கொடியையும் காணவில்லை.

வில்லியம் சில நாளில் பிடிபட்டார். கொன்றது சதாசிவம், மாடிப் படுக்கையறையில் வைத்துக் கொன்றார், தான் உடந்தை என்று சொன்னார். அவருக்கு மன்னிப்பு வழங்கி அரசுத் தரப்பு சாட்சியாக்கினார்கள். சதாசிவம் கொலைக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். நிரூபணமானால் தூக்கு.

ஆக, வழக்கு முழுக்க ஒரு கேள்விக்கு வந்து நின்றது. அந்தப் பெண் பத்தரைக்கு முன்னால் இறந்தாரா, பின்னால் இறந்தாரா? முன்னால் என்றால் கணவர் வீட்டில் இருந்திருக்கிறார். பின்னால் என்றால் அவர் டாக்ஸியில் போய்விட்டார், வீட்டில் இருந்தது வில்லியம்.

அரசுத் தரப்பின் முக்கிய மருத்துவ சாட்சி பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம். கொழும்பின் சட்ட வைத்திய அதிகாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர். சாதாரண ஆள் இல்லை. உடல் வெப்பத்தை வைத்து அவர் போட்ட கணக்கு, சதாசிவம் வீட்டில் இருந்த நேரத்தின் பக்கம் சாய்ந்தது.

எதிர்த்தரப்பில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இடதுசாரித் தலைவர், அந்தக் காலத்தின் பெரிய கிரிமினல் வக்கீல். அவர் துணைக்கு எடுத்துக்கொண்டது சர் சிட்னி ஸ்மித்தை. நியூசிலாந்தில் பிறந்து, எடின்பரோவில் படித்து, எகிப்தில் பல வருஷம் அரசாங்கத் தடயவியல் மருத்துவராக இருந்து, 1928லிருந்து எடின்பரோவில் பேராசிரியர். 1807லேயே தொடங்கிய நாற்காலி அது, பிரிட்டனில் இந்தத் துறைக்கு முதல் நாற்காலி. அவர் 1925ல் எழுதிய பாடப்புத்தகம் பல பதிப்பு கண்டது.

ஸ்மித் எடுத்துக்கொண்ட நிலை எளிமையானது. இந்த உடலை வைத்து நேரத்தை இவ்வளவு குறுக்கிச் சொல்ல முடியாது, பத்தரைக்குப் பிறகும் இறந்திருக்கலாம் என்பதுதான். அதோடு அவர் நிற்கவில்லை. இறந்தவரின் உள்ளங்கால்கள் அழுக்காக இருந்ததைக் கவனித்தார். மாடியில் படுக்கையறையில் கொல்லப்பட்டு, கீழே தூக்கி வரப்பட்டவரின் கால் எப்படி அழுக்காகும்? செருப்பில்லாமல் அடுக்களையில் நடமாடிக்கொண்டிருந்தவர் என்றால் பொருந்துகிறது. வில்லியமின் கதையில் அந்த இடத்தில் விரிசல் விழுந்தது.

எனக்கு இதில் பிடித்தது எது என்றால், தெர்மாமீட்டர் பதில் சொல்லத் தடுமாறிய இடத்தில் ஸ்மித் பாதத்தைப் பார்த்தார். அதற்குக் கணக்கு வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

நீதியரசர் கிரேஷியன் முன்னால் 57 நாள் விசாரணை நடந்தது. 1953 ஜூன் 25 அன்று ஜூரிகள் ஒருமனதாகக் குற்றவாளி இல்லை என்றார்கள். அதுவரை சுமார் 20 மாதம் சதாசிவம் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடியும் மட்டை பிடித்தார். சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். 1977ல் இறந்தார்.

விடுதலை என்பதால் வில்லியம்தான் கொலைகாரர் என்று நிரூபணமாகிவிடவில்லை. அவர்மேல் வழக்கே நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் சாவுக்கு இன்றுவரை யாரும் தண்டனை பெறவில்லை. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிரிக்கெட் வீரரின் கதையாகவே பேசி முடித்துவிடுகிறோம். பிணவறையில் வேலை பார்க்கிறவனுக்கு அப்படி முடிக்க மனசு வருவதில்லை.

தூக்கில் தொங்கியவர்கள் சொன்ன கணக்கு

கோர்ட்டில் தோற்ற தரப்பின் நிபுணர் பிறகு என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் "ஜூரிக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டி சேரம் அளந்தார்.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. இறந்து எத்தனை மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்கும் என்று சோதிக்க வேண்டுமென்றால், இறந்த நேரம் துல்லியமாகத் தெரிந்த உடல்கள் வேண்டும். ஆஸ்பத்திரியில் இறப்பவர்களில் பலருக்குக் காய்ச்சல் இருக்கும், நோய் இருக்கும். விபத்தில் இறந்தவர் எப்போது இறந்தார் என்று நிமிடக் கணக்காகத் தெரியாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்த நிமிடத்தில் உயிர் போன மனிதர்களின் உடல் எங்கே கிடைக்கும்?

ஒரே ஓர் இடத்தில்தான் கிடைக்கும். தூக்குமேடையில்.

டி சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி என்று மூன்று பேர் சேர்ந்து, தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல் வெப்பத்தை மணிக்கணக்கில் அளந்து எழுதிய கட்டுரை 1955ல் ஓர் அமெரிக்கக் குற்றவியல் ஆய்விதழில் வந்தது. வழக்கு முடிந்து இரண்டு வருஷம். வெப்பமண்டலத்தில் இறந்த உடல் எப்படிக் குளிர்கிறது என்பதற்கு இவ்வளவு சுத்தமான தரவு அதற்கு முன் இல்லை. இன்றைக்கும் இந்தத் துறையின் பெரிய புத்தகங்கள் அந்தக் கட்டுரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.

அந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணம் ஒன்றாக வரும். ஒன்று மரியாதை. இங்கிலாந்துக் குளிரில் எழுதிய எண்களைக் கொழும்பு வெயிலுக்கு அப்படியே போட முடியாது என்று உணர்ந்து, நம் பக்கத்து உடல்களை நம் பக்கத்து வெயிலில் அளந்தார்கள். இரண்டாவது சங்கடம். அந்த 41 பேரை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஒரு மனிதரைத் தூக்குக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு, தூக்குக்குப் போனவர்களின் உடம்பிலிருந்துதான் பதில் கிடைத்தது. இந்தத் துறையின் அறிவில் நிறைய இப்படித்தான் சேர்ந்திருக்கிறது. கேட்பாரற்ற உடல்கள், சிப்பாய்கள், கைதிகள். நாங்கள் படிக்கிற வரைபடங்களுக்குப் பின்னால் பெயர் போடாமல் படுத்திருப்பவர்கள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கிலிடப்பட்டவர் ஒரே மாதிரி சூழலில், ஒரே இடத்தில் கிடத்தப்படுகிறார். கொலையுண்டவர் அப்படிக் கிடப்பதில்லை. எவ்வளவு நல்ல அளவையும் நிஜ வீட்டுக்குள் கொண்டுவரும்போது கொஞ்சம் தளர்ந்துபோகும்.

பிளஸ் ஆர் மைனஸ்

1962ல் இங்கிலாந்தில் மார்ஷல், ஹோர் என்ற இருவர் அந்த 'எஸ்' வளைவுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதை ஜெர்மனியின் கிளாஸ் ஹென்ஸ்கே மேலும் செதுக்கி, மருத்துவர்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் படிக்கிற மாதிரி ஒரு வரைபடமாக்கினார். ஆசனவாய் வெப்பம், சுற்றுப்புற வெப்பம், உடல் எடை மூன்றும் தெரிந்தால் போதும். துணி, ஈரம், காற்றுக்குத் தனித்தனித் திருத்தம் உண்டு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது இதுதான்.

அந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஓரத்தில் இருக்கிற பிழை எல்லை. எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது முன்னும் பின்னும் 2.8 மணி நேரம். அதாவது மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் அகலமான ஒரு ஜன்னல்.

இதை அப்படியே 1951 அக்டோபருக்கு எடுத்துப்போய் வையுங்கள். வில்லியமும் சதாசிவமும், பத்து மணியும் பத்தரையும் பதினொன்றரையும் எல்லாமே அந்த ஜன்னலுக்குள் அடங்கிவிடும். தெர்மாமீட்டரால் அந்த வழக்கைத் தீர்க்க அன்றும் முடியாது, இன்றும் முடியாது. கணினி வந்தும், கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் பொட்டாசியத்தை அளக்கிற முறை வந்தும், ஜன்னல் குறுகுவது கொஞ்சம்தான்.

நம் ஊரில் இன்னும் மோசம். உடல் 37 டிகிரி, மே மாதத்து அறை 38 டிகிரி. எதைப் பார்த்து எதைக் கழிப்பது? உடல் குளிரவே குளிராது.

கொழும்பில் ஜூரி சந்தேகத்தின் பலனைக் கொடுத்தது. கனடாவில் கொடுக்கவில்லை. 1959ல் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டார். மருத்துவர் இரைப்பையில் இருந்த உணவை மட்டும் பிரதானமாக வைத்து, இரவு 7.15க்கும் 7.45க்கும் இடையே மரணம் என்றார். அந்த அரை மணி நேரத்தில் சிறுமியோடு சைக்கிளில் போனவன் ஸ்டீவன் ட்ரஸ்காட். வயது 14. தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். பத்து வருஷம் சிறை. 2007ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்குகிற வேகம் பயத்தில் மாறும், பதற்றத்தில் மாறும், என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்து மாறும். அந்த மருத்துவரே 1966ல் தன் கருத்தை மறுபரிசீலனை செய்து எழுதியிருந்தார். அந்தக் காகிதம் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவில்லை.

அரை மணி நேரம். சினிமாவில் வருகிற அதே அரை மணி நேரம்.

இந்தப் படிப்புக்கு வர நினைக்கிறவர்களுக்கு

தடயவியல் மருத்துவம் படிக்கலாமா என்று மாணவர்கள் அவ்வப்போது எழுதிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எம்.பி.பி.எஸ்.ஸில் இது ஒரு சின்னப் பாடம். தேர்வுக்கு முந்தின வாரம் புரட்டுகிற பாடம் என்று பெயர். அதன் பிறகு எம்.டி. மூன்று வருஷம். பிணவறை என்பது வேலையில் ஒரு பகுதிதான். அடிபட்டு வந்தவருக்குக் காயச் சான்று, வயது நிர்ணயம், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை என்று உயிரோடு இருப்பவர்களோடும் நிறைய வேலை உண்டு. சம்மன் வந்தால் எந்த ஊர் கோர்ட்டானாலும் போக வேண்டும். அரசு வேலை அல்லது கல்லூரி வேலை. அப்பா கேட்ட மாதிரி கிளினிக் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் சொந்தக்காரர்கள் கதவைத் தட்டுவதும் கிடையாது.

சட்டத்தில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, நிபுணரின் கருத்தை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளலாம் என்றது. அந்தச் சட்டத்தை ஒட்டி 1895ல் இயற்றப்பட்ட இலங்கைச் சாட்சியச் சட்டத்திலும் அதே எண்ணில் அதே பிரிவு. டி சேரமும் ஸ்மித்தும் அதன்கீழ்தான் கூண்டேறினார்கள். இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்து, அது 39ஆம் பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. நாம் சொல்வது கருத்து. தீர்ப்பு சொல்கிற வேலை வேறொருவருடையது. அந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லி எல்லாரும் நம்மைத் தள்ளுவார்கள். போலீஸ் அன்பாகத் தள்ளும். வக்கீல் அதட்டித் தள்ளுவார். நம்முடைய பெருமையும் சேர்ந்து தள்ளும். எனக்கு அன்று தள்ளியது அந்த மூன்றாவதுதான்.

நம் ஊர் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழின் கடைசியில் ஒரு வரி வரும். இறந்தவர், பரிசோதனைக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி நேரத்துக்கு முன்னால் இறந்திருக்கக்கூடும் என்று. பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் என்று எழுதினால், "என்ன சார், அரை நாள் வித்தியாசமா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த அரை நாள் சோம்பேறித்தனத்தில் எழுதியதா, தெரிந்து எழுதியதா என்பதுதான் கேள்வி. அறையின் வெப்பத்தை அளந்து, கூரையைப் பார்த்து, துணியைக் குறித்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் குறுக்க முடியவில்லை என்று அகலமாக எழுதினால், அதுதான் நேர்மையான பதில்.

அந்த லாட்ஜ் பையனை நான் பிறகு பார்த்ததில்லை. அவன் பெயரும் தெரியாது. என் பையில் இப்போது எப்போதும் இரண்டு தெர்மாமீட்டர் இருக்கும். ஒன்று உடலுக்கு, இன்னொன்று அறைக்கு. எஸ்.ஐ.க்கள் யாராவது, "தோராயமா சொல்லுங்க சார்" என்று கேட்டால், முதலில் அறை எப்படி இருந்தது என்று திருப்பிக் கேட்கிறேன். பாதிப்பேர் எரிச்சலாகிறார்கள். மீதிப்பேர் அடுத்த தடவை கேட்பதற்கு முன்னாலேயே ஃபேன் ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள்.